எங்கள் மீட்டரில் ஏறாத குளிர்

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். போடாமல் அமுக்கிவிட்டேன். இப்போது போட்டுக்கொண்டு பார்க்கிறேன், சீட்டில் எம் ஐந்து என்று இருக்கிறது. கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தாலும் எம் ஐந்துதான். ஜி இல்லை. ஜி என்றால் நகைக்கடன். எம் என்றால் மேனேஜர். மேனேஜரைப் பார்க்க எனக்கு என்ன இருக்கிறது, இந்த பேங்கில் எனக்குக் கணக்கே கிடையாது, எங்கள் கணக்கு இருப்பது கூட்டுறவு பேங்கில், அங்கே இருப்பது ஒரே ஒரு மேசை ஃபேன், அதுவும் கேஷியரைத் தவிர வேறு யார் பக்கமும் திரும்பாது. இங்கே நான் வருவது குளிருக்கு. நானும் துளசிமணியும். துளசிமணி என் பெண்டாட்டி, அதோ எதிர் வரிசையில் தூணை ஒட்டிய நாற்காலியில், யார் பெற்ற மகளோ என்பதுபோல உட்கார்ந்திருக்கிறாள். ஈரோட்டில் வெயில் ஏற ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்கு இதுதான் வேலை. காலையில் சோறாக்கி வைத்துவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்பும்போது மெயின் சுவிட்சைத் தட்டிவிடுவேன். பிரிட்ஜைப் பற்றிக் கவலையில்லை, அதை எப்போதோ அணைத்து, துளசிமணியின் நல்ல சேலைகளை அடுக்கி வைத்தாயிற்று, பூச்சி அண்டாமல் இருக்கிறது. மெயினைத் தட்டியதும் மீட்டரில் அந்தச் சிவப்புப் பொட்டு கண் சிமிட்டுவதை நிறுத்தும் பாருங்கள், அதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறையும், பசித்த பிள்ளை தூங்கிவிட்ட மாதிரி. பிறகு நான் முன்னால் வருவேன். டோக்கன் மெஷினில் இரண்டு சீட்டு எடுப்பேன். தூணோரத்து நாற்காலியில் ஒன்றை மடித்துச் செருகிவிட்டு, ஆண்கள் வரிசையில் வந்து உட்காருவேன். அவள் பின்னால் வருவாள், அந்த நாற்காலியில் போய் உட்காருவாள், சீட்டைக் கையில் எடுத்துக்கொள்வாள். ஒரு கிழவன் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது பேங்க் வேலை. கிழவனும் கிழவியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அது குடித்தனம், எழுப்பி அனுப்பிவிடுவார்கள். எடுப்பது எப்போதும் நகைக்கடன் டோக்கன்தான், ஏனென்றால் நகையை உரசிப் பார்க்கிற அப்ரைசர் மூன்று மணிக்கு மேல்தான் வருவார், அதுவரை ஜி டோக்கனை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவர் வருவதற்குள் வெயில் கொஞ்சம் தாழும், நாங்கள் கிளம்பிவிடுவோம். இப்படி ஒரு வழியை ஈரோட்டில் வேறு எவனும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவன் கண்ணாடி போடாமல் அமுக்கிவிட்டான். என்னுடையது எம் ஐந்து என்றால், அதற்கு முன்னால் எடுத்தது எம் நான்கு. எம் நான்கு அவள் கையில் இருக்கிறது.

போர்டில் எம் இரண்டு ஓடுகிறது. மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் மஞ்சள் மண்டிக்காரர் போல ஒருவர் கை வீசிப் பேசிக்கொண்டிருக்கிறார், நல்லா பேசுங்க சாமி, உங்கள் குறை முழுவதையும் சொல்லுங்கள், அவசரமே இல்லை. எதற்காக இந்த மெஷினில் போய்ப் புதிதாக ஒரு பொத்தானை நகைக்கடன் இருந்த இடத்தில் வைத்தார்கள்? புது மேனேஜரம்மா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, நாகர்கோவில் பக்கமாம், ஜெனிட்டா என்று பெயர், வந்ததும் வராததுமாக வாடிக்கையாளர் யார் வேண்டுமானாலும் என்னை நேரில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதாம். யார் பார்க்க வேண்டும் என்று அழுதார்கள்? எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, மேலே அந்த ஏசி உர்ரென்று உறுமிக்கொண்டு என் உச்சந்தலையில் நேராக ஊதுகிறது, சட்டைக் காலருக்குள் இறங்கி முதுகுத்தண்டு வழியாகப் போகிறது, வெளியே ரோட்டில் தார் இளகி சைக்கிள்காரன் தடம் பதிகிறது, இங்கே எனக்கு உள்ளங்கால் வரை சில்லென்று இருக்கிறது. இந்தக் குளிருக்கு ஒரு யூனிட்டும் எங்கள் மீட்டரில் ஏறாது. அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குளிரும். நான் மாட்டிக்கொண்டால் கவலையில்லை. மேனேஜரம்மா முன்னால் போய் உட்கார்ந்தால் எனக்கு வாயில் தானாக வரும், அம்மிணி, உங்கள் பேங்க் சுவருக்குள் ஓடுகிற ஒயரில் ஒரு சுருதி தப்பிக் கேட்கிறது, நான் தறிப்பட்டறை மேஸ்திரி, கரண்டு ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த ஃபேஸில் கோளாறு என்று சொல்லிவிடுவேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்பேன், அந்தப் பெண் எழுந்து நின்று கும்பிடும். ஆனால் துளசிமணி? அவளுக்குப் பொய் வராது. பையன் சின்னவனாக இருந்தபோது பழனி பஸ்ஸில் அவனுக்கு அரை டிக்கெட் வாங்கிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன், கண்டக்டர் அவளைக் கேட்டான், பையனுக்கு எத்தனை வயசுங்க என்று. வயசை மட்டும் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஆயில்யம், ரெண்டாம் பாதம் என்றாள். கண்டக்டர் அவளிடம் வேறு வழியில்லாமல் முழு டிக்கெட் கிழித்துவிட்டு என்னிடம், ஜாதகம் எழுதினது நீங்களுங்களா என்று கேட்டான். இப்போது அந்த அறைக்குள் போய், உங்களுக்கு என்ன வேணும் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாம் கொட்டிவிடும். நாங்க குளுருக்கு வர்றமுங்க கண்ணு. அதோ அவரு என்ற வீட்டுக்காரருங்க. வீட்டுல ஏசி இருக்குதுங்க, போட மாட்டம்ங்க. அப்புறம் நாளைக்கு நாங்கள் எங்கே போவது?

நாளைக்கு எங்கே போவது என்ற இடத்துக்கு வந்து வந்து நிற்கிறது புத்தி, தறியில் நாடா சிக்கி நிற்கிற மாதிரி. எங்களுடையது தார்சு வீடு, கான்கிரீட் கூரை. மேலே ஒன்றும் இல்லை, மேல்தளம் காலையிலிருந்து வெயிலைக் குடித்து மத்தியானத்துக்கு மேல் கக்கும். சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன், தென்னை ஓலை பரப்பிப் பார்த்தேன், சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன், ஊற்றின தண்ணீர் புகையாகப் போயிற்று, அந்தப் புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்துவிட்டான் என்று நான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், போன் செய்யவில்லை, செய்திருப்பான், அவ்வளவு புகை. போன வருஷம் மே மாதம் ஒரு மத்தியானம், துளசிமணி கிரைண்டர் பக்கத்தில் மாவு வழித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கையில் மாவு. நான் கூப்பிடுகிறேன், கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் யாரோ நிற்பதைப் பார்ப்பது போலப் பார்க்கிறது. தொட்டால் அடுப்புக் கல் மாதிரி உடம்பு. அந்த மாவு அவள் கையில் காய்ந்து வெடித்தது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் என் கண்ணில் பட்டது, ஈரத்துணி வாங்கித் துடைத்துவிட்டேன், நகத்துக்குள் எல்லாம் போய் ஒட்டியிருந்தது. டாக்டர், இந்த வயசுல மத்தியான வெயில் வீட்டுக்குள்ளயே ஆகாதுங்க, குளுமையான எடத்துல வெச்சுக்கோங்க என்றார். பையன் பெங்களூரிலிருந்து பறந்து வந்து ஏசி வாங்கி மாட்டிவிட்டுப் போனான். நல்ல பையன். ஆயில்யம், ரெண்டாம் பாதம். மாட்டினதோடு கரண்டு பில்லையும் தன் போனிலிருந்தே கட்டுகிறேன் என்றான், பில் வந்த சேதி அவன் போனுக்குத்தான் போகும், எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும். ரெண்டு மாதம் ஓட்டினோம். போன் வந்தது. அப்பா, அங்க ரெண்டு பேரு என்ன, தறியா ஓட்டறீங்க? சிரித்துக்கொண்டுதான் கேட்டான். தறி ஓட்டித்தானேடா உன்னைப் படிக்க வைத்தேன் என்று வாய் வரை வந்தது, வேறு ஏதோ சொன்னேன், மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவன் மாறுகண் என்றேன். அதோடு விட்டிருந்தால் போயிற்று. அடுத்த தடவை சிரிக்கவில்லை, மெதுவாகப் பேசினான், மெதுவாகப் பேசினால்தான் பயம். எதுக்குப்பா ரெண்டு பேருக்கு அவ்வளவு பெரிய வீடு, இவ்வளவு கரண்டு, பேசாம வித்துட்டு இங்க வந்துருங்க, பெங்களூர்ல ஃபேனே வேண்டாம். இன்னும் ஒரு பில் இப்படி வந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். துளசிமணி போனைக் கையில் வாங்கி, சரி கண்ணு, சரி கண்ணு என்றாள். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் அவன் ஃபிளாட்டில் அவளுக்குப் பேச ஆள் கிடையாது, லிஃப்டில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வாள், கிணற்றில் இறங்குகிற மாதிரி இருக்குதுங்க என்பாள். ஆக ஏசி போட்டால் பெங்களூர். போடாவிட்டால் கிரைண்டர் பக்கத்தில் அந்தக் கண். இரண்டுக்கும் நடுவில் இந்த ஹால், இந்தத் தூண், இந்த உர்ர் சத்தம். அதைத்தான் நான் கண்ணாடி போடாமல் அமுக்கித் தொலைத்துவிட்டேன்.

எம் மூன்று. ஒரு பெண்பிள்ளை ஸ்கூட்டி சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே போகிறது, இளசுகள் சட்டென்று பேசி முடித்துவிடும். துளசிமணிக்கு எப்படியாவது தெரிவிக்க வேண்டும். இருமினேன். அவள் காலண்டரைப் பார்க்கிறாள். காதைச் சொறிந்தேன், காதைச் சொறிந்தால் எழுந்து வீட்டுக்குப் போ என்று அர்த்தம், அவளே வைத்த ஏற்பாடு. ஒரு விநாடி என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், அன்னியன் பார்த்தால் கௌரவமான பெண்பிள்ளை எப்படித் திருப்ப வேண்டுமோ அப்படி. நடிக்கத் தெரியாது என்று இவளைப் பற்றி யார் சொன்னது, நான்தான் சொன்னேன். திருப்பின முகத்தில் மூக்குத்திக்கல் மட்டும் மினுக்குகிறது. நான் இங்கே உட்கார்ந்து இந்த மூக்குத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பது, ஒரு வேலையும் இல்லையே, வேறு எதைப் பார்ப்பது, வட்டி விகிதத்தையா? வீட்டில் இவளை நான் இப்படிப் பார்த்ததில்லை, வீட்டில் அவள் முதுகைத்தான் காட்டுவாள், அடுப்பைப் பார்த்து நிற்பாள். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, தூங்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். இன்னொன்றும் தெரிந்தது. தூணோரத்தில் மத்தியானம் சாய்ந்தால் முகப்புக் கண்ணாடி வழியாக வெயில் வந்து அவள் பாதத்தில் விழும். காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் வந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வாள். இங்கே ஆண்கள் வரிசையில் எனக்கு நேர் மேலே ஏசி, அங்கே பெண்கள் வரிசையில் அவளுக்கு வெயில். யாரிடம் சொல்ல முடியும், நான் யாரோ, அவள் யாரோ. டீ குடிக்கப் போன செக்யூரிட்டி சென்னியப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான், அவன் இருந்திருந்தால் அவனே பொத்தானை அமுக்கிக் கொடுத்திருப்பான், இத்தனை வினையும் ஒரு டீயால். சென்னியப்பா, இங்க வா சாமி என்றேன். என்னுங்க பெரியவரே, இன்னும் அப்ரைசர் வர்லீங்ளா, உங்க நகை அதுக்குள்ள குட்டி போட்டுப் பேரப்புள்ளையே எடுத்துரும் போங்க என்றான். அதில்லையப்பா, மிசினுல ஏதோ மாறிப்போச்சு, எனக்கு மேனேஜர் டோக்கன் வந்துருச்சு, அதோ அந்தம்மாவுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்போல, சித்த மாத்திக் குடேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தம்மா டோக்கனு உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? எனக்கா, எனக்குத் தூரப்பார்வை ஜாஸ்தியப்பா, பட்டறையில மெயின் லைன் ஒயரை இடது கையில புடிச்சேனே, அன்னியிலிருந்து. போன வாரம் வலது கைன்னீங்க என்றான். கரண்டு ஒரு கையில நொழஞ்சா இன்னொரு கையில வெளிய வரோணுமல்ல? அப்புறம் அந்த ஒரு வாரம் நான் கையில பல்பைப் புடிச்சுட்டு நின்னா எரியும், என்ற சம்சாரம் அந்த வெளிச்சத்துலதான் அரிசியில கல்லுப் பொறுக்குவா. சென்னியப்பன் சிரித்தான். அப்ப உங்க வீட்டுல கரண்டு பில்லே வந்திருக்காதுங்களே என்றான். இவனுக்குத் தெரியுமா? இல்லை, சும்மா சொல்கிறான். தெரியும் என்றால் சிரிக்க மாட்டான். தெரிந்ததால்தான் சிரிக்கிறானோ? டோக்கனை மாத்தறதெல்லாம் ஆவாதுங்க, மேனேஜரம்மா ஒவ்வொண்ணையும் பாக்கறாங்க, என்ன கொறைன்னு கேட்டுத்தான் விடறாங்க, பொல்லாதவங்கன்னு சொல்ல முடியாதுங்க, ஆனா கேப்பாங்க என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய்விட்டான். ஆனா கேப்பாங்க. ஆனா கேப்பாங்க. ஸ்கூட்டிப் பெண் வெளியே வந்துவிட்டது. டோக்கன் எண் எம் நான்கு, மேலாளர் அறை என்று கூரையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், அலுங்காமல் குலுங்காமல், எமன் வீட்டு வேலைக்காரி மாதிரி.

கூப்பிட்டது அவளுக்கு விளங்காது, ஜி என்று கூப்பிட்டால்தானே பயம், அதையும் அவள் கேட்டுப் பழகினதில்லை, அப்படியே உட்கார்ந்திருப்பாள், தாண்டிப் போய்விடும் என்று ஒரு நிமிஷம் மனசு லேசானது. சென்னியப்பன் போய்க் குனிந்து சீட்டைப் பார்த்து, அம்மா உங்களதுதானுங்க என்கிறான். படுபாவி. அவள் எழுந்தாள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். என் பக்கம் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை, நேராகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டில் கரப்பான் பாச்சைக்குப் பயப்படுகிறவள். கதவு மூடிக்கொண்டது, இனி எனக்குப் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. மேனேஜரம்மா ஏதோ கேட்கிறது. துளசிமணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து மடியில் கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறாள். இவ்வளவு நேரம் எதைப் பேசுகிறாள், அவள் உண்மையைச் சொல்வதென்றால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுமே, நட்சத்திரம் சேர்த்தால் மூன்று. ஏசி வாங்கினதிலிருந்து சொல்கிறாள் போல. கிரைண்டரிலிருந்து சொல்கிறாள் போல. இப்போது தறிப் பேச்சைச் சொல்லியிருப்பாள், இப்போது பிரிட்ஜுக்குள் சேலை. மேனேஜரம்மா முன்னால் சாய்ந்து கேட்கிறது. நான் எழுந்து போய்விடலாமா? வாசல் பக்கத்தில்தான் இருக்கிறது, சென்னியப்பன்கூட வெளியே யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருக்கிறான், இறங்கினால் ரோடு, வெயில், ஒருத்தருக்கும் தெரியாது. அவளை விட்டுவிட்டா? கால் எழவில்லை. எழாதது பயத்தினாலா, ரோஷத்தினாலா, ஏசி தலைமேல் ஊதுகிற சுகத்தினாலா என்று எனக்கே பிடிபடவில்லை. துளசிமணி கட்டை விரலைத் தோளுக்கு மேலே காட்டுகிறாள். என்னைத்தான். மேனேஜரம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தது. நன்றாக, நிதானமாகப் பார்த்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு தலையாட்டியது. முடிந்தது. பெங்களூர். கிணற்றில் இறங்குகிற லிஃப்ட். மேல் வீட்டுக்காரனின் நாய்க்குக் கேக் வெட்டுகிற ஊர். துளசிமணி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் போல இருக்கிறாள். எம் ஐந்து என்று மேலே குரல் கேட்டது. அவள் என் நாற்காலியைத் தாண்டும்போது நின்றாள். போங்க பெரியவரே, உங்களத்தான் கூப்பிடறாங்க என்றாள். பெரியவரே! கட்டின நாளிலிருந்து ஏனுங்க என்றும் மாமா என்றும் கூப்பிட்ட வாய்.

அறைக்குள் ஏசி இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. ஒரு ஃபேன் தலைக்கு மேல் வெந்நீரை வீசிக்கொண்டிருந்தது, மேனேஜரம்மா நெற்றியில் வேர்வை துளித்துளியாக நிற்கிறது, ஹாலுக்கெல்லாம் குளிரைக் கொடுத்துவிட்டு இது இங்கே வேகிறது. இருங்க என்றது. உட்கார்ந்தேன். நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன், நீங்களே டோக்கன் எடுத்து வந்துட்டிய. இப்போ ஒரு அம்மா வந்து உங்களைப் பத்தி ஒரு குறை சொல்லிட்டுப் போறாவ. என்ன குறைங்க என்று கேட்டது என் குரல்தானா? அந்தப் பெண் பேனாவை மூடியது, திறந்தது. அந்தப் பெரியவர் தினமும் வந்து எதிர்ல உக்காந்துக்கிட்டு என்னையவே பாக்கறாரு, கண்ணை எடுக்க மாட்டேங்கறாரு, வயசான காலத்துல இது என்ன பழக்கம்னு கேட்டுச் சொல்லுங்கன்னு சொன்னாவ. எனக்குக் காது அடைத்தது. அடைத்த காதுக்குள் ஒரே ஒரு சொல் உருண்டுகொண்டே இருந்தது, பாக்கறாரு, பாக்கறாரு. அவ்வளவுதானா? கரண்டு இல்லை, மீட்டர் இல்லை, பையன் இல்லை, வீட்டுக்காரர் இல்லை? மார்பில் கட்டியிருந்த கயிறு ஒன்று பட்டென்று அவிழ்ந்தது, சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது, சிரித்தால் கெட்டேன், கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன். அடி துளசிமணி! ஆயில்யம் ரெண்டாம் பாதம் சொன்ன வாயா இது! இத்தனை வருஷம் என் கதையை எல்லாம் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டவள், ஒன்றுக்கும் ஊம் கொட்டாதவள், உள்ளே சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நீங்க பாக்கது உண்மையா? என்றது மேனேஜரம்மா. இல்லை என்று சொல்ல வேண்டும், நான் பார்த்தது வட்டி விகிதப் பலகையை என்று சொல்ல வேண்டும், சொல்லியிருப்பேன், எதிராளி கண்ணைப் பார்த்து அடித்து விடுவேன். நாக்கு புரளவில்லை. பாக்கறது உண்மைதானுங்க அம்மிணி என்றேன். ஏன்? அவிக உக்கார்ற எடத்துல மத்தியானத்துக்கு மேல வெயிலு விழுகுதுங்க. காலை இழுத்து இழுத்து வெச்சுக்கறாங்க. அவிகளுக்கு வெயிலு ஆவாதுங்க. எனக்கு நேரா மேல காத்து அடிக்குது, அவிகளுக்கு அங்க எட்டலீங்க, நான் போய் யாருன்னு சொல்லி மாத்தி உக்காரச் சொல்றது. அதனாலதான் பாத்துட்டே இருக்கறனுங்க. சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. மேனேஜரம்மா கண்ணாடி வழியாக ஹாலைப் பார்த்தது, தூணைப் பார்த்தது, தரையில் கிடந்த வெயில் பட்டையைப் பார்த்தது. அவங்களுக்கு வெயில் ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கல என்றது. கேக்கவேண்டாம்னுதான் இருக்கேன். பேனாவை மூடிவிட்டது. ஒண்ணு செய்யுவோம். நாளையிலேருந்து அந்த அம்மா ஏசிக்கு நேர கீழ உள்ள நாற்காலியில இருக்கட்டும், ஆண்கள் பெண்கள்னு நான் எழுதி ஒண்ணும் ஒட்டல. நீங்க அங்க நோட்டீஸ் போர்டு பக்கத்துல, சுவரைப் பாத்து. திரும்பக் கூடாது, குறை வந்திருக்கு பாருங்க. நாளையிலிருந்துங்களா என்று கேட்டேன். நாளையிலிருந்து என்ற அந்தச் சொல்லை இன்னொரு தடவை அந்த வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. ஏன், இன்னைக்கே மாறுங்க, நான் சென்னியப்பன்கிட்ட சொல்லுறேன். எழுந்து கதவு வரை போய்விட்டேன். பாட்டா, என்று கூப்பிட்டது, அவர்கள் ஊரில் தாத்தாவுக்கு அப்படி. வரும்போ ரெண்டு பேரும் தண்ணி கொண்டு வாங்க. இங்க கேன் தண்ணி மத்தியானத்துக்குள்ள தீர்ந்து போவுது. ரெண்டு பேரும். அந்தப் பெண் அடுத்த காகிதத்தை எடுத்துக் குனிந்துகொண்டது, வேர்வையைப் புறங்கையால் துடைத்தது, என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று தெரிந்தது.

இப்போது எனக்கு முன்னால் சுவர்தான். நோட்டீஸ் போர்டில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், உள்ளே ஏலத்துக்கு வரும் நகைகளின் பட்டியல், தலைப்பைக்கூடப் படிக்கவில்லை. இங்கே காற்று எட்டாது, கொஞ்சம் புழுங்குகிறது, கழுத்தில் வேர்க்கிறது, வேர்க்கட்டும், வேர்ப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன், நானே சொன்னதாக இருந்தாலும். பின்னால் சென்னியப்பனின் குரல், அம்மா, நீங்க ஏசிக்குக் கீழ, இக்கட்டால வந்து உக்காருங்க, மேனேஜரம்மா சொல்லீட்டாங்க. வேண்டாங்க தம்பி, அது ஆம்பளைக எடமாச்சே என்கிறாள், என்ன ஒரு பவிசு. உக்காருங்கம்மா, அந்தப் பெரியவர சுவத்தைப் பாத்து உக்கார வெச்சாச்சு, இனி தொந்தரவு இருக்காது. பாவம், வயசானவரு, ரொம்பத் திட்டீட்டாங்களா என்கிறாள். திட்டலீங்க, ஆனா மூஞ்சியப் பாத்தா லாட்டரி விழுந்தவராட்ட இருக்காருங்க, அதுதான் எனக்குப் பிடிபடல. சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது, தும்மல் மாதிரி மூக்கால் வந்தது, நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. உட்கார்ந்துவிட்டாள். திரும்பக் கூடாது. திரும்பவில்லை. நோட்டீஸ் போர்டின் கண்ணாடியில் ஹால் முழுவதும் மங்கலாகத் தெரிகிறது, ஏல நகைகளுக்கு மேலே அவள் உருவம், தலைக்கு மேலே அந்த வெள்ளைப் பெட்டி, அதன் வாயில் கட்டியிருக்கிற ரிப்பன் படபடக்கிறது. நெற்றியோரத்து நரைமுடி பறக்கிறது. காலை நீட்டி வைத்திருக்கிறாள், நன்றாக, முழுதாக. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தோளைக் குறுக்கினாள். கையைக் கக்கத்துக்குள் விட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்து, தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள், காதுவரை. மே மாதம், ஈரோடு, நடுமத்தியானம். என் பெண்டாட்டிக்குக் குளிர்கிறது.